தம்பிக்குக் கொடுத்த மஜ்ஜை

தம்பியின் ஈறிலிருந்து ரத்தம் கசிவதை முதலில் பார்த்தது நான்தான். காலை டீயைக் குடித்துவிட்டு அவன் கீழே வைத்த டம்ளரின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. "என்னடா, வெத்தல போட்டயா?" என்று கேட்டேன். நாக்கால் பல்லைத் துழாவிப் பார்த்துவிட்டு, "பிரஷ் பட்டிருக்குமுங்க்கா" என்றான். அதற்குள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நானும் மறந்துவிட்டேன்.

அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பவர்டேபிள் நடத்திக்கொண்டிருந்தோம். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் பனியன் துணியை வாங்கி, தைத்துத் திருப்பிக் கொடுக்கும் சின்ன யூனிட்டுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மெஷின்களும் தைக்கிற ஆட்களும் அவன் பொறுப்பு. தைத்து வந்ததைச் சரிபார்ப்பது, கட்டி அனுப்புவது, கம்பெனிக்காரர்களிடம் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு எனக்கென்று பிறந்த வீட்டில் மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். எனக்கு ஆறு வயது இளையவன். என்னைவிட ஒரு முழம் உயரம்.

அவனால் பேசாமல் இருக்க முடியாது. மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவான். எங்களிடம் ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் வேலை செய்தார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்ட இந்தியில் நம்மூர் மரியாதையையும் சேர்த்துவிடுவான். என்ன ஆச்சு என்று கேட்க "க்யா ஹுவாங்க?" என்பான். சீக்கிரம் செய் என்பதற்கு "ஜல்தி கரோங்க" என்பான். அந்தப் பையன்களும் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அப்படியே பேசப் பழகிக்கொண்டார்கள்.

ஈறில் ரத்தம் வந்த சில நாட்களில் அவன் தொடையிலும் கையிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருப்பதாக அவன் மனைவி என்னிடம் வந்து சொன்னாள். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறானாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். திருப்பூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் அன்றைக்கே கோயம்புத்தூர் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துச் சோதித்தார்கள். ரத்த நோய்களுக்கான டாக்டர் ஒரு பெண். என் வயது இருக்கும். எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார்.

"எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்குதுங்க. ரத்தம் ஊறுறது அங்கதான். இவருக்கு அது வத்திப்போயிருக்குது."

"ஏனுங்க அப்படி?" என்று தம்பி கேட்டான்.

"கிருமியை எதுத்து நிக்கறதுக்குன்னு உடம்புல அணுக்கள் இருக்குதில்லீங்களா, உங்களோட அணுக்களே உங்க மஜ்ஜையை எதிரின்னு நெனச்சு அழிச்சிருச்சுங்க. அப்படித் தப்பாப் பாயற அணுக்கள் எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். அதுகளை அடக்கி வெக்கறதுக்குன்னே வேற ஒரு வகை இருக்குது. ஒழுங்குபடுத்தற டி அணுக்கள்னு சொல்லுவோம். இந்த நோய் வந்தவங்களுக்கு அது கொறைஞ்சுபோயிருக்கும்."

"அப்ப சூப்பர்வைசர் லீவுல இருக்காருங்க" என்றான் தம்பி.

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மடியில் வைத்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சாயத் தண்ணி என்றார்கள். அவன் சாயப் பட்டறைப் பக்கமே போனதில்லை. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். காரணம் கண்டுபிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னதுதான் உண்மை. ஆனால் அதை யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உடன்பிறந்தவர்களுடைய மஜ்ஜை பொருந்தினால் மாற்றிவிடலாம், அவன் வயதுக்கு அதுதான் நல்ல வழி என்றார் டாக்டர். அதுவரை பிளேட்லெட் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரத்த சொந்தங்கள் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார். கொடுத்தால் பிறகு என் மஜ்ஜையை அவன் உடம்பு ஒதுக்கிவிடக்கூடும். அதனால் எங்கள் தைக்கிற பையன்கள்தான் முறை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து மதியத்துக்கு மேல் மெஷினில் உட்காருவார்கள். வேண்டாம், படுத்து எழுந்து வா என்றால் கேட்க மாட்டார்கள். ஒடிசாக்காரப் பையன் ஒருவன், "அண்ணா ஆயேகாங்க?" என்று தினமும் என்னிடம் கேட்பான். வருவான் என்று சொல்வேன்.

என் ரத்தத்தையும் எடுத்துப் பொருத்தம் பார்த்தார்கள். முடிவைச் சொல்ல டாக்டர் கூப்பிட்ட அன்று தம்பியும் என்னோடு இருந்தான். போய் உட்கார்ந்ததும் அவர் முதலில் சொன்னது, "முழுசாப் பொருந்துதுங்க" என்பதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டேனா என்று தெரியவில்லை. என் உடம்பில் இருக்கிற ஏதோ ஒன்று அவனைப் பிழைக்கவைக்கப் போகிறது.

"உங்களுக்குக் குழந்தைங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு பையனுங்க. காலேஜ் போறான்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணு சொல்லிடறனுங்க. மஜ்ஜையோட உங்க எதிர்ப்பு அணுக்களும் இவர் உடம்புக்குள்ள போகும். போன இடம் அந்நியம்னு நெனச்சு இவரோட தோலு, குடல், ஈரலைத் தாக்கக்கூடும். ஆண் குழந்தையைச் சுமந்தவங்க அணுக்களுக்கு ஆம்பளை உடம்போட அடையாளம் சிலது முன்னமே தெரிஞ்சிருக்கும். அதனால அந்த ஆபத்து ஒரு பங்கு அதிகம். தடுக்கறதுக்கு மருந்து குடுப்போம். இருந்தாலும் உங்களைவிடப் பொருத்தமானவங்க வெளிய கெடைக்க மாட்டாங்க."

நான் பதில் சொல்வதற்கு முன் தம்பி முந்திக்கொண்டான். "எங்கக்கா வைவாங்க. கை நீட்ட மாட்டாங்கம்மா."

என்னை மயக்கப்படுத்தி இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்தார்கள். விழித்தபோது இடுப்பு பாறாங்கல்லாகக் கனத்தது. மறுநாள் மெதுவாக நடந்துபோய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மாற்றுவதற்கு முன் கொடுத்த மருந்தில் தலைமுடியெல்லாம் கொட்டி, முகக்கவசத்தோடு படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையை நெஞ்சில் வைத்துக் காட்டினான். என்னுடையது உள்ளே போய்விட்டது என்று சொல்கிறான் என்று புரிந்தது. யூனிட்டுக்குத் திரும்பிய பிறகும் பல நாள் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. செக்கிங் பெண்கள் தலையணை கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களிடம் பெருமையாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ரத்த அணுக்கள் ஏற ஆரம்பித்தன. ஒவ்வொரு நாளும் அவன் மனைவி போன் செய்து, "இன்னிக்கு ஏறியிருக்குதுங்க அண்ணி" என்பாள். போனை வாங்கி அவனும் பேசுவான். மெல்ல மெல்ல அவனுடைய ரத்த வகையும் என் வகையாக மாறிவிடுமாம். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு ஒரே கொண்டாட்டம். "இனி எனக்கும் உங்களாட்டக் கோவம் வருமுங்க்கா, பாத்துக்கங்க" என்றான்.

வார்டிலிருந்து அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கச் சொன்னார்கள். ஒரு மாடி ரூமில் கேஸ் அடுப்பு வைத்து அவள் சமைத்துக் கொடுத்தாள். நான் ஞாயிறுதோறும் போவேன். அவர்களுடைய மகள் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவளை என் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். போகும்போது கூட்டிக்கொண்டு போவேன். கூட்டம் கூடாது என்பதால் வாசலில் நின்றபடியே அப்பாவிடம் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து, புதிதாக எந்தக் கம்பெனி ஆர்டரைப் பிடிக்கலாம் என்று என்னிடம் பேசுவான். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாக இருந்தன. முடிந்துவிட்டது, தாண்டிவிட்டோம் என்று நான் நம்பிவிட்டேன்.

அப்படி ஒரு ஞாயிறன்று அவன் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தான். "சூடுங்க்கா" என்றான். உள்ளங்கையும் பாதமும் சிவந்து தடித்திருந்தன. காதோரத்திலும் அதே சிவப்பு. நான் இளநீர் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். அவன் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் செருப்பை மாட்டினாள். டாக்டர் சொல்லியிருந்த அடையாளங்களில் முதலாவது அதுதான். எனக்குத்தான் நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது.

என் அணுக்கள் அவனைத் தாக்க ஆரம்பித்திருந்தன.

தோலில் தொடங்கியது குடலுக்குப் போனது. எது சாப்பிட்டாலும் தண்ணீராகப் போயிற்று. கண் மஞ்சளாயிற்று. ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முதலில் கேட்பதுபோல் இருந்தது. பிறகு கேட்கவில்லை. வேறு மருந்துகள் மாற்றிப் பார்த்தார்கள். அவன் குரல் சுருங்கிவிட்டது. அந்தக் குரலை அவ்வளவு மெதுவாக நான் கேட்டதே இல்லை. தோல் உரிந்த கையை நான் தொடலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். கையுறை போட்டுக்கொண்டு தொடச் சொன்னார். தொட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"என்ற மேல உங்களுக்கு என்ன கோவமுங்க்கா?" என்றான்.

விளையாட்டாகத்தான் கேட்டான். உதடு சிரிக்கப் பார்த்தது. ஆனால் எனக்கு உயிர் போய்விட்டது. "கோவமெல்லாம் ஒண்ணுமில்ல சாமி" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கடைசியில் நுரையீரலில் கிருமி சேர்ந்துவிட்டது. மருந்துகளால் அவனுடைய எதிர்ப்பையே அடக்கி வைத்திருந்ததால் அதைத் தடுக்க உடம்பில் எதுவும் இல்லை. ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவன் மனைவி பக்கத்தில் இருக்கும்போது போய்விட்டான். அவிநாசி ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தபோது நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அவளோடு உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் கிடத்தியிருந்தபோது சொந்தத்தில் ஒரு அம்மாள், யாரிடமோ சொல்வதுபோல், "அக்கா ரத்தம் அவனுக்குச் சேரலையாமா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துக்க வீட்டில் ஏதாவது பேசத்தானே வேண்டும். தம்பி மனைவி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள். காரியம் முடிந்து மகளைக் கூட்டிக்கொண்டு திருமுருகன்பூண்டியில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்குப் போகும்வரை என்னோடு அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. என்ன பேசுவது?

யூனிட்டில் அவனுடைய ஓவர்லாக் மெஷினை யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள். ஒரு வாரம் பொறுத்துவிட்டு நானே ஒரு பையனை அதில் உட்காரச் சொன்னேன். ஆர்டர் முடிக்க வேண்டியிருந்தது.

என்னால் தூங்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கைக்குள் ஓடுவதுதான் அவனைத் தின்றது. என் வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் சொல்வது ஆறுதல் என்பதாலேயே அது எனக்குள் இறங்கவில்லை. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கோயம்புத்தூர் போய், புறநோயாளிகள் எல்லோரும் போகிறவரை காத்திருந்து டாக்டரைப் பார்த்தேன். அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க" என்றேன். "அவனைக் கொன்னது என்னோடதுதானுங்களே?"

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க அணுக்கள்தானுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க அணுக்கள்ல தாக்கறது மட்டும் இல்லீங்க. தாக்காதேன்னு அடக்கறதும் உங்ககிட்ட இருந்துதான் போச்சு. ரெண்டையுமே நீங்கதான் குடுத்தீங்க. அடக்கறது அங்க பொழைக்கலைங்க."

"ஏனுங்க பொழைக்கல?"

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்த அணுக்கள் ஒன்றோடொன்று புரதங்களாலேயே பேசிக்கொள்கின்றன. ஒன்று சுரந்து வெளியே விடும், இன்னொன்று அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அப்படி ஒரு புரதம் இன்டர்லூக்கின்-2. தாக்கும் அணுக்கள் விழித்துக்கொண்டால் அதைச் சுரக்கும். அடக்கும் அணுக்களுக்கு அதைச் சுரக்கத் தெரியாது. ஆனால் அது இல்லாமல் அவற்றால் உயிரோடு இருக்க முடியாது. பக்கத்தில் தாக்குகிறவை சுரப்பதை வாங்கித்தான் அவை பிழைக்கின்றன, பெருகுகின்றன. பிறகு அந்தத் தாக்குகிறவற்றையே அடக்குகின்றன.

"நாங்க குடுத்த மருந்து அந்தச் சுரப்பை நிறுத்தற மருந்துங்க" என்றார். "அதை நிறுத்தலைன்னா தாக்கறது முதல் வாரமே பெருகியிருக்கும். குடுத்தே ஆகோணும். ஆனா அதையே நம்பி இருக்கற அடக்கற அணுக்களும் அதனால பட்டினி கெடக்கும்."

"புதுசா வளராதுங்களா? மஜ்ஜைதான் போயிருச்சுங்களே உள்ள."

"வளரணும். நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்குது. மஜ்ஜைல இருந்து போற இளம் அணுக்கள் அங்கதான் பக்குவப்படும். எது தாக்கறது, எது அடக்கறதுன்னு அங்கதான் முடிவாகுது. அடக்கறதா மாறுறதுக்கும் இந்தச் சுரப்பு சொல்ற சேதி வேணும். ஆனா பெரியவங்களுக்கு அந்தச் சுரப்பி சுருங்கிப்போயிருக்கும். மாத்தறதுக்கு முன்னால நாங்க குடுத்த மருந்தும் அதைப் பாதிச்சிருக்கும். ஒரு தடவை உடம்புல வீக்கமும் புண்ணும் ஆரம்பிச்சா, அங்க வேற சேதிகள் கிளம்பும். அடக்கற பக்கம் போக வேண்டிய அணுகூட அதைக் கேட்டுத் தாக்கற பக்கம் திரும்பிரும்."

அவன் போன பிறகு கேட்டுப் பயனில்லாத கேள்வியைத்தான் கேட்டேன். "அந்தச் சுரப்பை ஊசியா போட்டிருக்கலாமுங்களா?"

"ரொம்பச் சின்ன அளவுல சில எடத்துல குடுத்துப் பாக்கறாங்க. ரொம்ப நாளா இழுத்துட்டு இருக்கறவங்களுக்கு. உங்க தம்பிக்கு இருந்தது அப்படியில்லீங்க. தாக்கறது முழு வேகத்துல இருந்துச்சு. அப்பக் குடுத்திருந்தா தாக்கறதும் அதை எடுத்துட்டு இன்னும் பெருகியிருக்கும்." அவர் நிறுத்திவிட்டு, "இவருக்கு இதுதான் நடந்துச்சுன்னு உறுதியாச் சொல்லவும் என்னால முடியாதுங்க. இப்படித்தான் நடக்கும்னு படிச்சிருக்கோம், பாத்திருக்கோம். அவ்வளவுதான். எனக்கும் அவரை மறக்க முடியலைங்க" என்றார். சூப்பர்வைசர் லீவு என்று அவன் சொன்னதை ஜூனியர் டாக்டர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாராம்.

அவர் முன்னால் அழுதேன். அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு திருமுருகன்பூண்டிக்குப் போனேன். தம்பி மனைவியின் அப்பா வீட்டுக்கு எதிர்ச்சாரியில் சிலை செதுக்கும் பட்டறை. உளிச் சத்தத்துக்கு நடுவே ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்க வேண்டுமானால் நெருங்கி உட்கார வேண்டும். அவள் என்னை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பாதியில் தடுமாறினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப அந்த அடக்கற அணு கொஞ்சம் தங்கியிருந்தா அவரு இருந்திருப்பாருங்களா?"

"இருந்திருக்கலாமாம், கண்ணு."

"பட்டினி கெடந்து செத்துப்போச்சுங்களா அது?"

"அப்படித்தான் சொன்னாங்க."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அவரும் கடேசில ஒண்ணுமே சாப்பிடலீங்க அண்ணி. ஒரு வாய் ரசஞ்சோறு வேணும்னு கேட்டாரு. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க." அழுது ஓய்ந்த பிறகு சொன்னாள், "நானும் உங்களைத்தான் நெனச்சனுங்க. தப்புன்னு தெரியுது. ஆனா நெனச்சனுங்க."

"நானும் என்னையத்தான் நெனச்சேன்" என்றேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இருக்கிறது. பழைய மாதிரி இல்லை. மகளின் பள்ளிக்கூடம், காய்ச்சல், திருவிழா என்று பேசிக்கொள்வோம். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் இருவருமே வேறு பக்கம் போய்விடுவோம். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். யூனிட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். "அங்க என்னால உக்கார முடியாதுங்க அண்ணி" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. எனக்கே சில நாட்களில் முடிவதில்லை. மெஷின்களைக் குறைத்துவிட்டேன். பழைய பையன்களில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் தங்களுக்குள் பேசும்போது இன்னும் அந்த "ங்க"வைச் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். அது காதில் விழுந்தால் நான் செக்கிங் டேபிளிலிருந்து எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வருவேன்.

போன வருடம் எனக்கு ஒரு போன் வந்தது. பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு பெண். அவளுடைய தம்பிக்கும் அதே நோய். அவளுடைய மஜ்ஜை பொருந்தியிருக்கிறது. மஜ்ஜை கொடுத்த யாரிடமாவது பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் முதலில் என்னைக் கேட்டுக்கொண்டு, பிறகுதான் என் நம்பரைக் கொடுத்திருந்தார். என் தம்பிக்கு என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

"எனக்கு நெம்பப் பயமா இருக்குதுங்க" என்றாள். "என்னால அவனுக்கு எதாச்சும் ஆயிருமோன்னு. குடுக்கலாமுங்களா அக்கா?"

அவளும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"குடு கண்ணு" என்றேன். "நெறையப் பேரு பொழச்சிருக்காங்க. டாக்டரம்மா சொல்ற மாதிரி கேட்டு நடந்துக்கங்க. உள்ளங்கையைத் தினமும் பாத்துக்கோ. செவந்தா சூடுன்னு விட்டுராத."

அவள் கொடுத்தாள். அவள் தம்பிக்கும் கையில் கொஞ்சம் சிவந்ததாம், மருந்தில் அடங்கிவிட்டதாம். இப்போது வேலைக்குப் போகிறானாம். தைப்பொங்கலுக்கு இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோவை அனுப்பியிருந்தாள். பார்த்தேன். நன்றாக இருங்கள் என்று பதில் போட்டேன். மனதாரத்தான் போட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.